“ஆலங்குளம் சார்... சிமெண்ட் ஃபேக்டரி ஆலங்குளம்!”

நேர்காணல் மேசைக்கு முன்னால் நம் பிள்ளைகளுக்கு ஏன் வாய் கட்டிப்போகிறது? அந்தக் கட்டை அவிழ்க்க என்ன வழி?

“சொந்த ஊர் எது?”

கேம்பஸ் இன்டர்வியூவில் பல நேரம் முதலில் வரும் கேள்வி இதுதான். வந்தவரின் பதற்றம் கொஞ்சம் தணியட்டும் என்று எதிரில் இருப்பவர் கேட்பது. இதைவிடச் சுலபமான கேள்வி கிடையாது. ஆனால் ஆலங்குளத்துப் பிள்ளைகள் இந்த இடத்திலேயே ஒரு நொடி தயங்குவார்கள். “ஆலங்குளம்” என்று சொன்னதும் “தென்காசி பக்கமா?” என்று அடுத்த கேள்வி வரும் என அவர்களுக்குத் தெரியும். தென்காசி மாவட்டத்து ஆலங்குளம் ஒரு சட்டமன்றத் தொகுதி. பேர் தெரிந்த ஊர். விருதுநகர் மாவட்டத்து ஆலங்குளத்தை வெளியூர்க்காரர்களுக்குச் சட்டென்று அடையாளம் தெரியாது. அதனால் “ராஜபாளையம் பக்கம் சார்” என்றோ “ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம் மேடம்” என்றோ சொல்லி முடித்துக்கொள்வார்கள். கேட்டவர் தலையை ஆட்டிவிட்டு ஃபைலைப் புரட்ட ஆரம்பிப்பார். தன்னைப் பற்றிப் பேசக் கிடைத்த முதல் வாய்ப்பு அங்கேயே கைநழுவிப் போகும்.

அதே கேள்விக்கு இப்படியும் பதில் சொல்லலாம்.

“ஆலங்குளம் சார். தென்காசி ஆலங்குளம் இல்ல, ராஜபாளையத்துக்குக் கிழக்க, சிமெண்ட் ஃபேக்டரி இருக்கிற ஆலங்குளம். கவர்மெண்ட் சிமெண்ட் எங்க ஊர்லயும் அரியலூர்லயும்தான் தயாராகுது. சுத்துவட்டாரத்துல சுண்ணாம்புக்கல் கிடைக்கிறதாலதான் 1970-லயே ஃபேக்டரி வந்துச்சு.”

அரை நிமிடம்கூட ஆகாது. ஆனால் அந்த அரை நிமிடத்தில் மூன்று வேலை நடந்துவிட்டது. கேட்பவருக்கு வரக்கூடிய குழப்பத்தை முன்கூட்டியே தீர்த்தாயிற்று. அவருக்குத் தெரிந்த ஒரு பொருளோடு தெரியாத ஊரை முடிச்சுப் போட்டாயிற்று. ‘ஏன்’ என்று அவர் கேட்குமுன் காரணமும் சொல்லியாயிற்று. நேர்காணலில் நல்ல பேச்சு என்றால் இவ்வளவுதான்: தனக்குத் தெரிந்ததை, கேட்பவர் நிற்கும் இடத்திலிருந்து தொடங்கிச் சொல்வது. சரளமான ஆங்கிலமும் கழுத்துப் பட்டையும் கம்பீரக் குரலும் இதற்குப் பிறகுதான்.

பேசாதே என்று வளர்த்த வீடு

இந்த வட்டாரத்தில் உழைப்புக்குக் குறைவில்லை. 1936-இல் பி.ஏ.சி. ராமசாமி ராஜா ராஜபாளையம் மில்லைத் தொடங்கினார். அதன் பிறகு நூற்பாலைகள் ஒவ்வொன்றாக எழுந்தன. சத்திரப்பட்டியில் விசைத்தறிகளில் பேண்டேஜ் துணி ஓடுகிறது. சிவகாசி, சாத்தூர் பக்கம் தீப்பெட்டி ஆபீஸ், பட்டாசு ஆபீஸ், அச்சகங்கள். படிப்பும் பஸ் போய் வரும் தூரத்துக்கு வந்துவிட்டது. ராஜபாளையம் ராஜூக்கள் கல்லூரி 1973-இல் வந்தது. கிருஷ்ணன்கோவிலில் கலசலிங்கம் பெயரில் பொறியியல் கல்லூரி 1984-இல் வந்தது. ராஜபாளையத்தில் ராம்கோ தொழில்நுட்பக் கல்லூரி 2013-இல் வந்தது. அப்பா மில்லில் ஷிப்ட் பார்க்கும் வீட்டிலும், அம்மா தீப்பெட்டி ஒட்டும் வீட்டிலும் இன்று பட்டதாரிகள் இருக்கிறார்கள்.

இந்தப் பிள்ளைகளை நாம் எப்படி வளர்த்தோம் என்று யோசித்துப் பாருங்கள். பெரியவர்கள் பேசும்போது குறுக்கே பேசாதே. கேட்டதற்கு மட்டும் பதில் சொல். நிமிர்ந்து பார்க்காதே. தன்னைத் தானே புகழ்ந்துகொள்ளாதே. இவை எல்லாமே மரியாதை என்று சொல்லிக் கொடுத்தோம். அதில் தப்பில்லை, அந்த மரியாதைதான் நம் ஊர்களை ஒழுங்காக வைத்திருக்கிறது. ஆனால் இருபத்தொரு வயதில், குளிரூட்டிய ஒரு அறையில், முன்பின் தெரியாத மூன்று பெரியவர்கள் எதிரில் உட்கார்ந்து “உன்னைப் பற்றிச் சொல்” என்கிறார்கள். அதுவரை கட்டிக்காத்த அத்தனை பழக்கங்களும் அந்த அறையில் எதிராக நிற்கின்றன. தலை கவிழ்கிறது, குரல் உள்ளே போகிறது, “ஆமா சார்”, “இல்ல சார்” என்று பதில் இரண்டு சொல்லோடு நின்றுவிடுகிறது. மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர், ‘இவருக்குத் தன்னம்பிக்கை போதாது’ என்று தாளில் எழுதிக்கொள்கிறார். அவர் கண்ணில் பட்டது பண்பு. அவர் எழுதியது குறை.

இதற்கு ஒரு வழி உண்டு. தற்பெருமை பேச வராதவர்களுக்கும் தாங்கள் செய்த வேலையைப் பற்றிப் பேச வரும். “நான் கடுமையான உழைப்பாளி” என்று சொல்ல நாக் கூசும், கூசத்தான் வேண்டும். ஆனால் “காலேஜ் லீவுல ரெண்டு மாசம் ஒரு தீப்பெட்டி ஆபீஸ்ல கணக்கு எழுதினேன், தினமும் எத்தனை பேர் எவ்வளவு ஒட்டினாங்கன்னு பதிஞ்சு, சனிக்கிழமை கூலி பிரிச்சுக் கொடுப்பேன், கணக்கு ஒரு தடவையும் இடிக்கல” என்று சொல்வதில் பெருமையடிப்பு எங்கே இருக்கிறது? அது நடந்த செய்தி. கேட்பவர் அதிலிருந்து நேர்மை, கவனம், பொறுப்பு எல்லாவற்றையும் தானே எடுத்துக்கொள்வார். பல பிள்ளைகள் இப்படிப்பட்ட வேலைகளை வெட்கப்பட்டு பயோடேட்டாவிலிருந்தே எடுத்துவிடுகிறார்கள். எடுக்காதீர்கள். கூலி வாங்கிச் செய்த எந்த வேலையும் அனுபவம்தான்.

நெல்லூரில் நடந்த ஒரு நேர்காணல்

1910-ஆம் ஆண்டு டிசம்பர். நெல்லூர் கலெக்டர் ஆர். ராமச்சந்திர ராவைப் பார்க்க ஓர் இளைஞர் வந்தார். கல்லூரிப் படிப்பை முடிக்காதவர். முகம் மழித்திருக்கவில்லை, உடையிலும் பகட்டில்லை. கையில் நைந்துபோன ஒரு நோட்டு. அதற்கு முன் இதே இளைஞர், திருக்கோவிலூரில் டெபுடி கலெக்டராக இருந்த வி. ராமசாமி ஐயரிடம் குமாஸ்தா வேலை கேட்டுப் போயிருந்தார். இந்தியக் கணிதச் சங்கத்தைத் தொடங்கிய ராமசாமி ஐயர் அந்த நோட்டைப் புரட்டிப் பார்த்தார். இவரை ஒரு தாலுகா ஆபீஸில் அடைத்துவைக்க மனமில்லாமல் சென்னைக்குக் கடிதம் கொடுத்து அனுப்பினார். இளைஞரின் பெயர் சீனிவாச ராமானுஜன்.

ராமச்சந்திர ராவ் கணித ஆர்வலர். ஆனாலும் நோட்டில் இருந்தது அவருக்கு உடனே பிடிபடவில்லை. இன்னொரு நாள் வரச் சொன்னார். ராமானுஜன் மறுபடி வந்தார். எதிரில் இருப்பவருக்குத் தன் கணக்கு எட்டவில்லை என்று கண்டுகொண்டவர், முதலில் தன்னுடைய எளிய முடிவுகள் சிலவற்றை எடுத்து வைத்தார். அவையே அப்போதிருந்த புத்தகங்களைத் தாண்டி இருந்தன. அங்கிருந்து படிப்படியாகக் கையைப் பிடித்து ஏற்றிக்கொண்டு போய்க் கடைசியில் தன் உச்சமான கண்டுபிடிப்புகளைக் காட்டினார். ராவுக்குச் சந்தேகம் முழுவதும் தீர்ந்துபோனது. என்ன வேண்டும் என்று கேட்டார். ஆராய்ச்சியைத் தொடர, சாப்பாட்டுக் கவலையில்லாத அளவுக்குச் சின்ன வருமானம் போதும் என்றார் ராமானுஜன். ராவ் தன் கைப்பணத்திலிருந்து மாதாமாதம் உதவினார்.

ராமானுஜனின் மேதைமை நமக்கு வாய்க்காது. ஆனால் அவர் அன்று செய்த காரியத்தை எவரும் செய்யலாம். கேட்பவருக்குப் புரியவில்லை என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொண்டார். அதற்காகக் கோபப்படவும் இல்லை, சோர்ந்துபோகவும் இல்லை. எளியதிலிருந்து தொடங்கி மேலே போனார். என்ன வேண்டும் என்று கேட்டபோது சுற்றி வளைக்காமல் சொன்னார்.

1912 பிப்ரவரி 9 அன்று சென்னைத் துறைமுகத்தில் குமாஸ்தா வேலைக்கு அவர் எழுதிய விண்ணப்பமும் ஒரு பாடம். மெட்ரிகுலேஷன் தேறியதைச் சொல்கிறார், எஃப்.ஏ. வரை படித்து, சூழ்நிலையால் மேலே தொடர முடியாமல் போனதை மறைக்காமல் சொல்கிறார்; இடைப்பட்ட காலம் முழுவதையும் கணிதத்துக்குக் கொடுத்ததைச் சொல்கிறார்; வேலை கிடைத்தால் ஒழுங்காகச் செய்ய முடியும் என்ற உறுதியைச் சொல்கிறார். சில வரிகள்தான். மார்ச் 1-ஆம் தேதி 30 ரூபாய் மாதச் சம்பளத்தில் வேலைக்குச் சேர்ந்துவிட்டார்.

“டெல் மீ அபௌட் யுவர்செல்ஃப்” என்ற கேள்விக்கு இதைவிட நல்ல அச்சு இல்லை. என்ன படித்தேன், எங்கே தடைபட்டது, அந்த நேரத்தில் என்ன செய்தேன், இந்த வேலையை ஏன் செய்ய முடியும். அரியர் இருந்ததா? ஒரு வருடம் வீட்டில் இருந்தீர்களா? மறைத்தால் அவர்களே தோண்டி எடுப்பார்கள். அப்போது அது குற்றம்போலத் தெரியும். நீங்களே ஒரே வாக்கியத்தில் சொல்லிவிட்டு, அதற்குப் பிறகு செய்ததற்கு நகர்ந்துவிட்டால் அது உங்கள் கதையில் ஒரு வரி, அவ்வளவுதான்.

‘நாங்க’ எங்கே, ‘நான்’ எங்கே?

தமிழில் ‘நாம்’ உண்டு, ‘நாங்கள்’ உண்டு. கேட்பவரைச் சேர்த்துக்கொள்ள ஒன்று, சேர்க்காமல் சொல்ல ஒன்று. உறவை இவ்வளவு நுட்பமாகப் பிரித்துச் சொல்லும் மொழியில் பேசிப் பழகிய நம் பிள்ளைகளுக்கு ‘நான்’ என்று சொல்வது மட்டும் கஷ்டமாக இருக்கிறது. கேட்டால், “நாங்க பண்ணோம் சார்” என்பார்கள். நல்ல குணம்தான். ஆனால் எதிரில் இருப்பவர் நால்வர் குழுவை வேலைக்கு எடுக்கவில்லை, உங்களை எடுக்கிறார்.

ஓர் உதாரணம் பார்ப்போம். சத்திரப்பட்டிப் பக்கத்து மாணவர் ஒருவர், விசைத்தறியில் நூல் அறுந்தால் தறி தானாக நிற்கும்படி ஃபைனல் இயர் புராஜெக்ட் செய்திருப்பதாக வைத்துக்கொள்வோம். “உங்க புராஜெக்ட் பற்றிச் சொல்லுங்க” என்றால் இரண்டு வகையாகப் பதில் வரலாம்.

முதல் வகை: “பவர்லூம்ல சென்சார் வச்சோம் சார். நூல் கட் ஆனா மெஷின் நின்னுடும். நல்லா ஒர்க் ஆச்சு.”

இரண்டாம் வகை: “எங்க தெருவுல எல்லா வீட்டுலயும் தறிதான் சார். நூல் அறுந்தது தெரியாம தறி ஓடிக்கிட்டே இருந்தா துணி வீணாப் போகும். அதுக்குத்தான் நாலு பேர் சேர்ந்து இதை எடுத்தோம். சர்க்யூட் என் பொறுப்பு. முதல் தடவை மாட்டினப்ப, பஞ்சுத் தூசி படிஞ்சு சென்சார் தப்பாக் காட்டுச்சு. நூல் அறுகாமலே தறி நின்னுச்சு. நான் சென்சாரை இடம் மாத்தி, மேல ஒரு மூடி வச்சேன். அப்புறம் அறுந்தா மட்டும்தான் நின்னுச்சு.”

இரண்டாவது பதிலில் ஊர் இருக்கிறது, பிரச்சினை இருக்கிறது, ‘நாங்க’ எது ‘நான்’ எது என்ற பிரிவு இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலே, ஒரு தோல்வியும் அதைச் சரிசெய்த விதமும் இருக்கின்றன. பிளேஸ்மென்ட் வகுப்புகளில் ‘ஸ்டார்’ முறை என்று சொல்லிக் கொடுப்பது இதைத்தான்: நிலைமை என்ன, உங்கள் பொறுப்பு என்ன, செய்தது என்ன, முடிவில் நடந்தது என்ன. இந்த நான்கில் நம் பிள்ளைகள் முதலும் கடைசியும் சொல்லிவிட்டு நடுவில் உள்ள இரண்டையும் விட்டுவிடுகிறார்கள். வேலை கொடுப்பவர் தேடுவதோ அந்த நடு இரண்டைத்தான். ஒவ்வொருவரும் தன் வாழ்க்கையிலிருந்து இப்படி ஐந்து நிகழ்ச்சிகளைத் தயாராக வைத்துக்கொண்டால், எந்தக் கேள்வி வந்தாலும் அந்த ஐந்தில் ஒன்று பொருந்தி வரும்.

அவையை அறி, அச்சம் குறையும்

திருக்குறளில் பொருட்பாலில் அடுத்தடுத்து இரண்டு அதிகாரங்கள் உண்டு. 72-ஆவது, அவையறிதல். 73-ஆவது, அவையஞ்சாமை. வைத்த வரிசையைக் கவனியுங்கள். கேட்பவர்கள் யார் என்று தெரிந்துகொள்வது முதலில். அஞ்சாமல் பேசுவது அடுத்து. பயப்படாதே என்று எத்தனை தடவை சொன்னாலும் பயம் போகாது. எதிரில் இருப்பது யார் என்று தெரிந்தால் பாதிப் பயம் தானே கழன்றுவிடும்.

நூற்பாலைக்கு நேர்காணலுக்குப் போகிறீர்களா? அங்கே என்ன நம்பர் நூல் ஓடுகிறது என்று முந்தின நாளே தெரிந்துகொள்ளுங்கள். நம்பர் கூடக்கூட நூல் மெலிசு. மெலிசான நூலுக்குப் பஞ்சின் தரமும் கவனமும் கூடுதலாக வேண்டும். சிமெண்ட் ஆலைக்கா? சுண்ணாம்புக்கல்லையும் களிமண்ணையும் அரைத்து, சூளையில் ஏறத்தாழ 1,450 டிகிரி சூட்டில் சுட்டால் கிளிங்கர் வரும். அதோடு கொஞ்சம் ஜிப்சம் சேர்த்து அரைத்தால் சிமெண்ட். ஜிப்சம் எதற்கு? அது இல்லாவிட்டால் தண்ணீர் பட்ட உடனேயே சிமெண்ட் இறுகிவிடும். கொத்தனாருக்குப் பூச நேரமே கிடைக்காது. கணினி நிறுவனமா? அவர்கள் செய்யும் மென்பொருளை யார் பயன்படுத்துகிறார்கள் என்று ஒரு வாக்கியத்தில் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். அங்கே ஏற்கெனவே வேலை பார்க்கும் ஓர் அண்ணனோ அக்காவோ எந்த ஊரிலும் இருப்பார்கள். அவர்களிடம் கால் மணி நேரம் பேசினால், நிறுவனத்தின் வலைத்தளம் சொல்லாத பலதும் தெரியும்.

இங்கிலீஷ் என்ற இடுக்கு

கிராமத்துப் பிள்ளைகளின் பெரிய கவலை இதுதான். பல வேலைகளுக்கு ஆங்கிலம் தேவை என்பது உண்மை. அதை மறைத்துப் பிள்ளைகளைத் தேற்றுவது துரோகம். தமிழ்நாடு அரசு 2022 மார்ச் 1-இல் தொடங்கிய ‘நான் முதல்வன்’ திட்டத்தில் ஆங்கிலப் பேச்சுக்கும் இடம் கொடுத்திருப்பது இதனால்தான். ஆனால் எந்த அளவு ஆங்கிலம் வேண்டும் என்பதில்தான் குழப்பம்.

சின்னச் சின்ன வாக்கியம் போதும். எழுவாய், வினை, முற்றுப்புள்ளி. இரண்டு நிமிட அறிமுகத்தையும் புராஜெக்ட் விளக்கத்தையும் தானே எழுதி, தெரிந்தவரிடம் திருத்தி, பத்து நாள் வாய்விட்டுப் படிக்க வேண்டும். மனதுக்குள் படித்தது மேசைக்கு முன் வராது. நாக்குக்குப் பழகியது வரும். இணையத்திலிருந்து யாரோ எழுதிய அறிமுகத்தை மனப்பாடம் செய்யாதீர்கள். ஒரே நாளில் ஐம்பது பேரைப் பார்ப்பவருக்கு அந்த வரிகள் ஐம்பது தடவை கேட்டவை. நடுவில் ஒரு சொல் மறந்தால் முழுப் பாட்டும் நின்றுபோகும்.

பேசிக்கொண்டிருக்கும்போது ஆங்கிலம் தடுக்கினால், “இந்த ஒரு பகுதியைத் தமிழில் சொல்லலாமா?” என்று அனுமதி கேட்பதில் இழுக்கு இல்லை. நாட்டின் உயர்ந்த பணிகளுக்கு ஆள் எடுக்கும் யு.பி.எஸ்.சி. குடிமைப் பணித் தேர்வில் முதன்மைத் தேர்வையும் நேர்முகத் தேர்வையும் தமிழில் எதிர்கொள்ள வழி இருக்கிறது. அங்கே மொத்தம் 2,025 மதிப்பெண்ணில் 275 நேர்முகத்துக்கு. அவ்வளவு பெரிய மேசையே தாய்மொழிக்கு இடம் கொடுக்கிறது.

‘தெரியாது’ என்பதை எப்படிச் சொல்வது?

தெரியாத கேள்வி வரும், வரத்தான் செய்யும். மௌனமாக நின்றால் கேட்பவருக்கு ஒன்றும் கிடைக்காது. அடித்து விட்டால் அடுத்த கேள்வியில் பிடிபடும். “இது எனக்குத் தெரியல சார். ஆனா இதுக்குப் பக்கத்துல இருக்கிற இந்த விஷயம் தெரியும், அதை வச்சு யோசிச்சா இப்படி இருக்கலாம்னு நினைக்கிறேன்” என்று சொல்லிப் பாருங்கள். தெரியாததை ஒப்புக்கொள்ளும் ஆள் நாளைக்கு மெஷின் முன்னாலும் தப்பை மறைக்க மாட்டார் என்ற நம்பிக்கை பிறக்கும். கேள்வி புரியாவிட்டால் திரும்பக் கேளுங்கள். பதில் சொல்லுமுன் இரண்டு மூச்சு எடுத்துக்கொள்ளுங்கள். குழு விவாதத்திலும் இதே கதைதான்: சத்தமாகப் பேசியவரைவிட, முன்னவர் சொன்னதைப் பிடித்து ஒரு படி மேலே கொண்டுபோனவர்தான் கவனத்தில் நிற்பார்.

“நீங்க பார்த்துக் குடுங்க சார்”

சம்பளம் எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள் என்றால் நம் ஊரில் வரும் பதில் இது. பணிவாகச் சொல்வதுதான், ஆனால் கேட்டவருக்கு இதிலிருந்து ஒன்றும் தெரியாது. அதே வேலைக்கு அந்த ஊரில் என்ன கொடுக்கிறார்கள் என்று நாலு பேரிடம் விசாரித்து, ஒரு கீழ் எல்லையும் மேல் எல்லையும் மனதில் வைத்துக்கொண்டு போங்கள். அதை மெதுவான குரலில், காரணத்தோடு சொல்லுங்கள்.

இன்னொன்றும் அவசியம். ஆண்டுக்கு 3 லட்சம் என்றால் மாதம் 25,000 கைக்கு வரும் என்று வீட்டில் கணக்குப் போட்டுவிடுகிறோம். அந்த 3 லட்சத்துக்குள் நிறுவனம் உங்கள் பேரில் கட்டும் வருங்கால வைப்பு நிதியும் பல இடங்களில் அடங்கியிருக்கும். உங்கள் பங்காக அடிப்படைச் சம்பளத்தில் 12 சதவீதம் பிடிப்பார்கள். “கைக்கு எவ்வளவு வரும்? ட்ரெயினிங் எத்தனை மாசம்? பாண்ட் எழுதி வாங்குவீங்களா? ஒரிஜினல் சர்டிஃபிகேட்டைக் கேட்பீங்களா?” என்று கேட்பது உங்கள் உரிமை. வேலை தர முன்பணம் கேட்டால் எழுந்து வந்துவிடுங்கள். ஆள் தேவைப்படும் நிறுவனம் ஆளுக்குப் பணம் கொடுக்கும். ஆளிடம் பணம் வாங்காது.

பெண் பிள்ளைகளிடம் மட்டும் கேட்கும் கேள்வி

“கல்யாணம் ஆனதும் வேலையை விட்டுடுவீங்களா?” ஆணிடம் யாரும் இதைக் கேட்பதில்லை. 1976-ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டமே, வேலைக்கு ஆள் எடுப்பதில் பெண் என்பதற்காகப் பாகுபாடு காட்டக்கூடாது என்று சொல்லிவிட்டது. ஏறத்தாழ ஐம்பது வருடம் கழிந்தும் இந்தக் கேள்வி நிற்கவில்லை என்பது நம் எல்லோருக்கும் தலைகுனிவு.

மேசைக்கு முன் உட்கார்ந்திருக்கும் பெண் சட்டம் பேச முடியாத நிலையில் இருப்பாள். அவளுக்கு ஒரு வழி: பதிலைக் கல்யாணத்திலிருந்து வேலைக்குத் திருப்புவது. “நீடிச்சு வேலை பார்க்கிற எண்ணத்தோடதான் வந்திருக்கேன் மேடம். ஷிப்ட் எப்படி? ஹாஸ்டலும் பஸ்ஸும் இருக்கா?” என்று கேட்டால், நீடிப்பதற்குத் தேவையானதைப் பற்றித்தான் பேசுகிறாள் என்பது எதிரில் இருப்பவருக்குப் புரியும். புரியவில்லை என்றால், அந்த இடம் எப்படிப்பட்டது என்று அவளுக்குப் புரியும்.

மேசைக்கு அந்தப் பக்கம்

பேசத் தெரியவில்லை என்று பிள்ளைகளை மட்டும் குறை சொல்லி முடித்துவிட முடியாது. கேட்கத் தெரிய வேண்டியவர்களும் இருக்கிறார்கள். 1915-இல் அமெரிக்க உளவியலாளர் வால்டர் டில் ஸ்காட் ஒரு சோதனை பற்றி எழுதினார். விற்பனை மேலாளர்கள் 6 பேர் ஒரே 36 விண்ணப்பதாரர்களைத் தனித்தனியே பார்த்து வரிசைப்படுத்தினார்கள். பெரும்பாலோர் விஷயத்தில் அந்த ஆறு பேரும் ஒத்துப்போகவில்லை. 1998-இல் ஃபிராங்க் ஷ்மிட், ஜான் ஹண்டர் இருவரும் 85 ஆண்டு ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தார்கள். வாய்க்கு வந்ததைக் கேட்கும் நேர்காணலைவிட, எல்லோரிடமும் ஒரே கேள்விகளை முறையாகக் கேட்கும் நேர்காணலே நல்ல ஊழியரை அடையாளம் காட்டுகிறது என்று தெரிந்தது. மத்திய அரசு தன் கீழ்நிலைப் பணிகளுக்கு 2016 ஜனவரி 1 முதல் நேர்காணலையே எடுத்துவிட்டதும் இந்த இடத்தில் நினைக்கத்தக்கது; பரிந்துரையும் பணமும் நுழையும் வாசலாக அது இருந்தது.

நம் வட்டாரத்து முதலாளிமார்களுக்கும் மேலாளர்களுக்கும் ஒரு வேண்டுகோள். “உன்னைப் பற்றிச் சொல்” என்று பொதுவாகக் கேட்டு, பேச்சு வராவிட்டால் தள்ளிவிடாதீர்கள். “நீ செஞ்ச ஒரு வேலையைச் சொல்லு, அதுல எது கஷ்டமா இருந்துச்சு? என்ன பண்ணின?” என்று கேளுங்கள். உட்காரச் சொல்லி ஒரு டம்ளர் தண்ணீர் கொடுங்கள். அடுத்த ஐந்து நிமிடத்தில் வேறு ஓர் ஆள் உங்கள் முன் பேசிக்கொண்டிருப்பார்.

முந்தின நாள் செய்ய வேண்டியவை

* பயோடேட்டாவில் உள்ள ஒவ்வொரு வரிக்கும் ஒரு விளக்கம் இருக்கிறதா என்று பாருங்கள். விளக்க முடியாத வரியை நீக்கிவிடுங்கள்.
* அசல் சான்றிதழ்களையும் நகல்களையும் தனித்தனி ஃபைலில் வையுங்கள்.
* இடத்துக்கு எந்த பஸ், எத்தனை மணிக்கு என்று விசாரித்து, அதற்கு முந்தின பஸ்ஸில் கிளம்பத் திட்டமிடுங்கள்.
* வீடியோ நேர்காணல் என்றால், வெளிச்சம் முகத்தில் விழும்படி ஜன்னலைப் பார்த்து உட்காருங்கள். ஃபோனைக் கண் உயரத்தில் நிறுத்துங்கள். சிக்னல் எங்கே நன்றாகக் கிடைக்கிறது என்று முதல் நாளே பார்த்துவிடுங்கள்.
* துவைத்துத் தேய்த்த சாதாரண உடை போதும். புது உடையும் புதுச் செருப்பும் அன்றைக்கு உடம்பை உறுத்தும்.
* மாவட்ட வேலைவாய்ப்பு அலுவலகம் நடத்தும் தனியார் துறை வேலைவாய்ப்பு முகாம்களுக்குப் போய் வாருங்கள். முதல் இரண்டு நேர்காணலை ஒத்திகையாக எடுத்துக்கொள்ளலாம்.

ஒன்பதாவது ஆள்

இத்தனையும் செய்த பிறகும் கிடைக்காமல் போகலாம். 1958-இல் சென்னை எம்.ஐ.டி.யில் படித்த ராமேஸ்வரத்து இளைஞர் ஒருவர் விமானப்படைத் தேர்வுக்காக டேராடூன் போனார். விமானம் ஓட்டுவது அவருடைய சின்ன வயதுக் கனவு. வந்திருந்தவர்கள் 25 பேர். இடம் எட்டு. அவர் ஒன்பதாவது. மனம் உடைந்த அந்த அப்துல் கலாம், டெல்லியில் ஏற்கெனவே முடித்திருந்த இன்னொரு நேர்காணல் மூலம் பாதுகாப்புத் துறையில் வேலைக்குச் சேர்ந்தார்.

நான்கு ஆண்டு கழித்து, 1962-இல், பம்பாயில் மற்றொரு நேர்காணல். எதிரில் விக்ரம் சாராபாய். பதில் தெரியுமா தெரியாதா என்று சாராபாய் சோதிக்கவில்லை. இந்த இளைஞரால் என்னவெல்லாம் செய்ய முடியும் என்று துழாவிப் பார்த்தார். இதை ‘அக்னிச் சிறகுகள்’ நூலில் கலாம் நன்றியோடு நினைவுகூர்கிறார். ராக்கெட் பொறியாளர் வேலை கிடைத்தது. டேராடூனில் ஒன்பதாவதாக நின்றவரும் பம்பாயில் தேர்வானவரும் ஒரே ஆள்தான். ஒரு மேசை சொல்லும் ‘இல்லை’ அந்த மேசைக்கு மட்டும் உரியது. திரும்பி வரும் பஸ்ஸிலேயே ஒரு நோட்டில், என்ன கேட்டார்கள், எங்கே தடுக்கினேன் என்று எழுதிக்கொண்டால் அந்த நாளும் வீணாகாது.

நேர்காணலுக்கு எங்கே போய் ஒத்திகை பார்ப்பது என்று கேட்கும் பிள்ளைகளுக்குக் கடைசியாக ஒன்று. வெளியே போக வேண்டாம். சாப்பாடு முடிந்து, அம்மா தீப்பெட்டி ஒட்டிக்கொண்டோ மறுநாளைக்கு அரிசி ஊறப்போட்டுக்கொண்டோ இருக்கும்போது பக்கத்தில் உட்காருங்கள். உங்கள் புராஜெக்ட் என்ன என்று அம்மாவுக்குச் சொல்லுங்கள். இங்கிலீஷ் வார்த்தை வந்தால் அம்மா நிறுத்துவார். “அப்படின்னா என்னப்பா?” என்பார். விளக்குங்கள். “இதுனால யாருக்குப் பிரயோஜனம்?” என்பார். யோசித்துச் சொல்லுங்கள். “நாலு பேர் செஞ்சீங்களே, இதுல உன் வேலை என்ன?” என்பார். அதையும் சொல்லுங்கள்.

பெரிய கம்பெனியின் எச்.ஆர். அறையில் கேட்பதும் இந்த மூன்று கேள்விதான்.